அப்டேட்டுக்குப் பிறகு போனில் ஒரு வசதி வேலை செய்யவில்லையா? படிப்படியாகச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

என் அப்பாவுக்கு இரண்டு காதிலும் காது மெஷின். அதன் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் போனில் உள்ள ஒரு ஆப் வழியாகத்தான். ஒரு நாள் இரவு போன் தானாக அப்டேட் ஆனது. காலையில் ஆப்பைத் திறந்தால், கருவி கிடைக்கவில்லை என்று வருகிறது. "மெஷின் போயிடுச்சுப்பா, புதுசுதான் வாங்கணும் போல" என்றார். குரலில் அவ்வளவு கவலை.

மெஷின் நன்றாக இருந்தது. போனின் புளூடூத்தும் நன்றாக இருந்தது. அந்த ஆப்பின் பர்மிஷன் பக்கத்தைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அருகிலுள்ள சாதனங்களோடு இணைவதற்கான அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அப்டேட் முடிந்து முதன்முதலாக ஆப்பைத் திறந்தபோது ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்டிருக்கிறது, அவர் வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறார். தெரியாத எதற்கும் அனுமதி கொடுக்காதீர்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், அவர் செய்ததில் தப்பே இல்லை. அனுமதியை மாற்றி, மெஷின்களை ஒருமுறை அணைத்துப் போட்டதும், ஆப்பில் இடது, வலது இரண்டும் வந்து நின்றன.

அப்டேட்டுக்குப் பிறகு போன வசதிகளில் நிறைய இப்படித்தான். பொருள் உடைந்திருக்காது. ஒரு அனுமதியோ, மாறிப்போன ஒரு செட்டிங்கோ, பழைய பதிப்பு விட்டுப்போன தரவோ குறுக்கே நிற்கும். ஆனால் பலரும் எடுத்த எடுப்பில் ஃபேக்டரி ரீசெட்டுக்கு (போனை மொத்தமாக அழித்துப் புதிது போலாக்குவது) போகிறார்கள், படங்களையும் சாட்டுகளையும் இழக்கிறார்கள். அந்த இழப்பு பெரும்பாலும் தேவையே இல்லாதது. கீழே உள்ள வரிசை, எதையும் அழிக்காத வழிகளில் தொடங்கி எல்லாவற்றையும் அழிக்கும் வழியில் முடிகிறது. அதே வரிசையில் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சோதித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் அடுத்ததற்குப் போங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது, அடுத்த அப்டேட்டில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

முதலில்: ரீஸ்டார்ட், கொஞ்சம் பொறுமை, ஒரு குறிப்பு

போனை ஒருமுறை முழுதாக அணைத்துப் போடுங்கள். பட்டனே வேலை செய்யாத அளவுக்குப் போன் உறைந்திருந்தால் கட்டாய ரீஸ்டார்ட் செய்யலாம். ஐபோன் 8 முதல் வந்த மாடல்களில் வால்யூம் அப்பைத் தட்டி விட்டு, வால்யூம் டவுனைத் தட்டி விட்டு, ஆப்பிள் சின்னம் வரும்வரை பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனையும் வால்யூம் டவுனையும் சேர்த்துச் சில நொடிகள் பிடிக்க வேண்டும். இதில் எந்தத் தரவும் அழியாது.

சூடாவது, பேட்டரி வேகமாகக் குறைவது, கேலரியில் தேடல் வராதது ஆகியவைதான் சிக்கல் என்றால் இரண்டு நாள் பொறுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு போன் பின்னணியில் ஆப்களைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் தயார்செய்கிறது, படங்களை மறுபடி வரிசைப்படுத்துகிறது. இரவில் வைஃபையிலும் சார்ஜரிலும் போட்டு வைத்தால் அந்த வேலை சீக்கிரம் முடியும். கேமரா, மைக், புளூடூத், அழைப்பு போன்றவை வேலை செய்யவில்லை என்றால் காத்திருந்து பயனில்லை.

அப்டேட் முடிந்து உடனே இன்னொரு சிறிய அப்டேட் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2014 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 8.0.1, ஐபோன் 6, 6 பிளஸ் போன்களில் சிக்னலையும் கைரேகை சென்சாரையும் முடக்கியது. சுமார் ஒரு மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்று, அடுத்த நாளே 8.0.2 வெளியிட்டார்கள். பிழை கம்பெனியின் பக்கம் என்றால் மருந்தும் அங்கிருந்துதான் வரவேண்டும். நாம் என்ன தட்டினாலும் சரியாகாது.

ஆண்ட்ராய்டில் இன்னொன்றும் உண்டு. ஆண்ட்ராய்டு 10 முதல், இயங்குதளத்தின் சில பகுதிகள் கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் என்ற பெயரில் தனியாக அப்டேட் ஆகின்றன. செட்டிங்ஸில் மேலே உள்ள தேடல் பெட்டியில் பிளே சிஸ்டம் என்று தட்டினால் அந்த இடம் வரும். அங்கேயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்படியே போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் பதிப்பு எண், பில்ட் எண், செக்யூரிட்டி பேட்ச் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எது, எப்போது வேலை செய்யவில்லை என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள். புளூடூத் போச்சு என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "இயர்போனில் பாட்டு கேட்கிறது, அழைப்பில் என் குரல் எதிர்முனைக்குப் போவதில்லை" என்று எழுதினால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது ஒரு ஆப்பில் மட்டுமா, எல்லா ஆப்களிலுமா?

மைக்கை எடுத்துக்கொள்வோம். போனோடு வந்த வாய்ஸ் ரெக்கார்டரில் பத்து நொடி பேசிக் கேளுங்கள். அதில் குரல் தெளிவாக இருந்து, வீடியோ காலில் மட்டும் கேட்கவில்லை என்றால் சிக்கல் அந்த ஆப்பில். ரெக்கார்டரிலும் இல்லை என்றால், கேமராவில் ஒரு சின்ன வீடியோ எடுத்துப் பாருங்கள். பல போன்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக் உண்டு. சாதாரண அழைப்புக்குக் கீழே உள்ள மைக்கும், வீடியோவுக்கும் ஸ்பீக்கர் அழைப்புக்கும் மேலே அல்லது பின்னால் உள்ள மைக்கும் பயன்படலாம். ஒன்றில் கேட்டு இன்னொன்றில் கேட்கவில்லை என்றால், துளையில் தூசி அடைத்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அப்டேட் வந்த அதே வாரத்தில் அது நடந்தது தற்செயலாகவும் இருக்கலாம்.

கேமரா, ஸ்பீக்கர், டச் எல்லாவற்றையும் இதே மாதிரி போனோடு வந்த ஆப்பில் முதலில் சோதியுங்கள். பல சாம்சங் போன்களில் டயலரில் *#0*# தட்டினால் சோதனைத் திரை வரும். ஷாவ்மி போன்களில் பெரும்பாலும் *#*#6484#*#* வேலை செய்யும். இந்தச் சோதனையில் ஒரு பாகம் தேறிவிட்டால் அந்தப் பாகம் நன்றாக இருக்கிறது, கோளாறு மென்பொருளில்தான் என்று நிம்மதியாக மேலே போகலாம்.

அனுமதிகள்: பல சிக்கல்கள் இங்கேதான்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்பும் அனுமதிகளில் ஏதாவது ஒன்றை மாற்றியிருக்கிறது. நம் தனியுரிமைக்காகச் செய்த நல்ல மாற்றங்கள்தான். ஆனால் அதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை, ஒரு பெட்டி வந்து போவதோடு சரி.

ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதங்கள் திறக்காத ஆப்பின் அனுமதிகளைப் போனே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. அதனால் எப்போதோ ஒருமுறை திறக்கும் ஸ்கேனர் ஆப் திடீரென்று கேமராவைக் காணோம் என்று சொல்லலாம்.

ஆண்ட்ராய்டு 12, புளூடூத்துக்கு என்றே தனி அனுமதியைக் கொண்டுவந்தது. அதற்கு முன் பக்கத்துக் கருவிகளைத் தேட லொகேஷன் அனுமதி தேவைப்பட்டது. இப்போது 'நியர்பை டிவைசஸ்' அனுமதி தேவை. வாட்ச், இயர்போன், காது மெஷின், ரத்த அழுத்தக் கருவி என எதன் ஆப்பாக இருந்தாலும் இதைப் பாருங்கள். அதே பதிப்பில்தான் மேலிருந்து இழுக்கும் பட்டியலில் மைக், கேமரா இரண்டையும் போன் முழுவதற்கும் ஒரேயடியாக அணைக்கும் பட்டன்கள் வந்தன. கை தவறி அதைத் தட்டிவிட்டால் எந்த ஆப்பிலும் குரல் போகாது, கேமராவில் வெறும் கறுப்புதான் தெரியும். அந்தப் பட்டன்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் பிரைவசி பக்கத்தில் இருக்கும்.

ஆண்ட்ராய்டு 13 முதல், நோட்டிஃபிகேஷன் காட்டவும் ஆப் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். ஏற்கனவே போனில் இருந்த ஆப்களுக்குப் பெரும்பாலும் தொல்லை இருக்காது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவிய ஆப்களில்தான் சத்தமே இல்லாமல் போகும்.

ஆண்ட்ராய்டு 14 செய்த மாற்றம், மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் வைத்திருப்பவர்களுக்கு மிக முக்கியம். சரியான நிமிடத்தில் அலாரம் அடிக்கும் அனுமதி, புதிதாக நிறுவும் பெரும்பாலான ஆப்களுக்கு இப்போது தானாகக் கிடைப்பதில்லை. செட்டிங்ஸில் 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' என்று தேடி, அந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோரின் போனில் இதை நீங்களே திறந்து பாருங்கள், போனில் பேசி வழிகாட்டினால் சரியாக வராது.

ஐபோனில் இதே வேலையை பிரைவசி பக்கத்தில் செய்ய வேண்டும். டிவிக்குப் படம் அனுப்ப முடியவில்லை, பிரிண்டர் தெரியவில்லை என்றால் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதியைப் பாருங்கள். இது ஐஓஎஸ் 14-இல் வந்தது. வீட்டு வைஃபையில் உள்ள மற்றக் கருவிகளோடு பேச ஒவ்வொரு ஆப்புக்கும் இது வேண்டும்.

நோட்டிஃபிகேஷன் தாமதமாக வருகிறதா?

அனுமதி சரியாக இருந்தும், ஆப்பைத் திறந்தால் மட்டும் செய்திகள் கொத்தாக வந்து விழுகின்றன என்றால், போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்திருக்கிறது. பேட்டரியைச் சேமிக்க ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. அப்டேட்டில் நாம் வைத்த விதிவிலக்குகள் அழிந்துபோவதும் உண்டு. ஆப்பின் தகவல் பக்கத்தில் பேட்டரி என்ற பகுதிக்குப் போய், கட்டுப்பாடு இல்லாத வகைக்கு மாற்றுங்கள். சாம்சங்கில் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். ஷாவ்மியில் 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதியையும் கொடுங்கள். தேவையான நாலைந்து ஆப்களுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும், எல்லாவற்றுக்கும் கொடுத்தால் பேட்டரி தாங்காது. ஐபோனில் 'பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ்', ஃபோகஸ் முறை இரண்டையும் பார்த்தால் போதும்.

ஆப்பைப் புதுப்பித்தல், கேஷை அழித்தல்

பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ எல்லா ஆப்களையும் அப்டேட் செய்யுங்கள். புதிய இயங்குதளத்தில் பழைய ஆப் தடுமாறுவது சகஜம். பல ஆப்கள் ஒரே நேரத்தில் திறந்ததும் மூடிக்கொண்டால், 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' (ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் பகுதி), குரோம் இரண்டையும் முதலில் அப்டேட் செய்யுங்கள். 2021 மார்ச்சில் வெப்வியூவில் வந்த ஒரு பிழையால் உலகம் முழுக்க ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் இப்படி மூடிக்கொண்டன. அந்த இரண்டின் திருத்திய பதிப்பைப் போட்டதும் சரியாயின.

அப்டேட் செய்தும் சரியாகவில்லை என்றால், ஆப்பின் தகவல் பக்கத்தில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறங்கள். அங்கே அருகருகே இரண்டு பட்டன்கள் இருக்கும். 'கிளியர் கேஷ்' என்பது தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும், தைரியமாகத் தட்டலாம். 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்பது அந்த ஆப்பை இன்று நிறுவியதுபோல வெறுமையாக்கிவிடும். வாட்ஸ்அப்பில் பேக்கப் இல்லாமல் அதைத் தட்டினால் உரையாடல்கள் போய்விடும். ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் தட்டினால், பேக்கப் இல்லாத பட்சத்தில் உங்கள் கணக்குகளுக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம். கேமரா, புளூடூத், போன் ஆப் போன்றவற்றில் கேஷை அழிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐபோனில் கேஷ் பட்டன் கிடையாது. ஆப்பை 'ஆஃப்லோட்' செய்துவிட்டு மறுபடி நிறுவலாம், உள்ளே உள்ள தரவு அப்படியே இருக்கும்.

மறுபடி பதிவு செய்தல்

புளூடூத் கருவி இணைந்தும் சரியாக வேலை செய்யவில்லை என்றால், இரண்டு பக்கமும் பழைய இணைப்பை அழிக்க வேண்டும். போனில் 'ஃபர்கெட்' கொடுப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். இயர்போனும் வாட்சும் கார் ஸ்டீரியோவும் பழைய இணைப்பின் சாவியைத் தம் பக்கம் நினைவில் வைத்திருக்கும். அந்தக் கருவியிலும் ரீசெட் செய்து, போனை ரீஸ்டார்ட் செய்து, புதிதாக இணையுங்கள்.

கைரேகையும் இதே கதைதான். பதிவான விரல்களை எல்லாம் நீக்கிவிட்டு, திரையையும் விரலையும் துடைத்துவிட்டு, மறுபடி பதியுங்கள். திரையில் கண்ணாடி ஒட்டியிருந்தால் 'டச் சென்சிட்டிவிட்டி' செட்டிங்கை இயக்கிவிட்டுப் பதியுங்கள். அப்டேட்டில் அது அணைந்திருக்கலாம்.

நெட்வொர்க்

அழைப்பின்போது இணையம் நின்றுவிடுகிறது, அல்லது அழைப்பே போகவில்லை என்றால் சிம் செட்டிங்கில் வோல்ட்டி (4ஜி வழியாகப் பேசும் வசதி), வைஃபை காலிங் இரண்டும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். டேட்டா மட்டும் இல்லை என்றால் ஏபிஎன் (சிம் கம்பெனியின் இணையத்தோடு இணையும் விவரங்கள்) பக்கத்தில் பழைய நிலைக்கு மாற்றும் தேர்வு இருக்கும். இணையத்தை வேறு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன், இணையதளப் பெயர்களைத் தேடித்தரும் பிரைவேட் டிஎன்எஸ் இரண்டையும் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள்.

அலுவலக வைஃபை மட்டும் ஏற்கவில்லை என்றால், ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன் தன் அடையாளமான மேக் முகவரிக்குப் பதில் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று முகவரியைக் காட்டுகிறது என்பது காரணமாக இருக்கலாம். பதிவான முகவரியை மட்டும் அனுமதிக்கும் ரவுட்டர் அதை அந்நியன் என்று தள்ளிவிடும். அந்த வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணையுங்கள்.

இவை எதுவும் உதவாவிட்டால் 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்'. படங்களும் ஆப்களும் அழியாது, ஆனால் வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் போய்விடும். வீட்டு வைஃபை பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள். இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) வைத்திருப்பவர்கள், அதை அழிக்கும் தேர்வு பக்கத்தில் வந்தால் டிக் போடாதீர்கள்.

சேஃப் மோட்

நாம் நிறுவிய ஆப்களை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, போனை அதன் சொந்த ஆப்களோடு மட்டும் இயக்கிப் பார்ப்பதுதான் சேஃப் மோட். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் மெனுவில் உள்ள 'பவர் ஆஃப்' மீது விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் கேட்கும். அதில் வசதி சரியாக வேலை செய்தால், குற்றவாளி நீங்கள் நிறுவிய ஏதோ ஒரு ஆப். கிளீனர், முகப்புத் திரையை மாற்றும் லாஞ்சர், அழைப்பைத் தடுக்கும் ஆப், திரையை மங்கலாக்கும் ஆப் ஆகியவற்றின் மேல் எனக்கு எப்போதும் முதல் சந்தேகம். ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சேஃப் மோட் போய்விடும்.

சேஃப் மோடிலும் சரியாகவில்லை என்றால், சாம்சங் உள்ளிட்ட சில போன்களில் ரிக்கவரி மெனுவில் (போன் முழுதாக இயங்கும் முன் பட்டன்கள் வழியாகத் திறக்கும் பழுதுநீக்கத் திரை) 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' இருக்கும். அது உங்கள் தரவைத் தொடாது. ஆனால் அதற்குப் பக்கத்து வரியிலேயே மொத்தத்தையும் அழிக்கும் 'வைப் டேட்டா' இருக்கிறது. கை நடுங்கும் என்று தோன்றினால் இதை விட்டுவிடுங்கள்.

உடையவில்லை, எடுத்துவிட்டார்கள்

சில வசதிகள் திரும்ப வராது. 2022 மே முதல், அக்சஸிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி வசதி) வழியாக அழைப்பைப் பதிவு செய்யும் ஆப்களைப் பிளே ஸ்டோர் அனுமதிப்பதில்லை. ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய வகையான 32-பிட் ஆப்கள் அனைத்தும் நின்றுபோயின. பல மணி நேரம் தேடியும் அந்த செட்டிங் எங்கேயும் இல்லை என்றால், உங்கள் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். நீக்கிவிட்டார்கள் என்று தெரிந்தால் மாற்று ஆப்பைத் தேடலாம்.

பழைய பதிப்புக்கே திரும்பினால் என்ன என்று தோன்றும். ஐபோனில் பழைய பதிப்புக்கான ஒப்புதலை ஆப்பிள் விரைவில் நிறுத்திவிடுவதால், சில நாட்களுக்குப் பிறகு வழியே இருக்காது. ஆண்ட்ராய்டில் பல மாடல்களில் திரும்பவே முடியாது, முடிந்தாலும் போன் முழுதாக அழியும். வங்கி வேலையும் குடும்பப் படங்களும் உள்ள போனில் நான் இதைச் செய்யமாட்டேன்.

ஃபேக்டரி ரீசெட், அப்புறம் சர்வீஸ்

மேலே உள்ள எல்லாவற்றையும் செய்தும் சரியாகவில்லை, பிழையைச் சரிசெய்யும் அப்டேட்டும் வரவில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள். அதற்கு முன் இவை முடிந்திருக்க வேண்டும்:

1. படங்கள் வேறோர் இடத்தில் இருக்கின்றன என்பதை அந்த இடத்தைத் திறந்து கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.
2. வாட்ஸ்அப் பேக்கப் இன்றைய தேதியில் இருக்க வேண்டும்.
3. ஆத்தென்டிகேட்டர் கணக்குகள் இன்னொரு கருவிக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும்.
4. கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ரீசெட் ஆன போன் பூட்டிக்கொள்ளக்கூடும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு, உரிமையாளர் என்று பார்க்காது.

ரீசெட் முடிந்ததும் பேக்கப்பை உடனே ஏற்றாதீர்கள். முதலில் வெறும் போனில் அந்த வசதியைச் சோதியுங்கள். வேலை செய்கிறதென்றால், ஆப்களைச் சிலசிலவாக நிறுவிப் பார்த்துக்கொண்டே போங்கள். வெறும் போனிலும் வேலை செய்யவில்லை என்றால் பாகத்தில்தான் கோளாறு, அல்லது கம்பெனிதான் திருத்த வேண்டும்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது முதலில் எழுதி வைத்த அந்தத் தாளைக் கொண்டுபோங்கள்: பில்ட் எண், அப்டேட் ஆன நாள், என்னென்ன செய்து பார்த்தீர்கள். அப்டேட்டுக்கு முந்தின நாள்வரை வேலை செய்தது என்பதை அவர்கள் தரும் ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். பாகத்தை மாற்ற வேண்டும் என்றால், எந்தச் சோதனையில் தோற்றது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். யார் கேட்டாலும் போனின் லாக் எண்ணை எழுதிக் கொடுக்காதீர்கள். சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்சலில் 'ரிப்பேர் மோட்' உண்டு. அதை இயக்கிக் கொடுத்தால் உங்கள் படங்களையும் செய்திகளையும் பார்க்காமலே அவர்களால் போனைச் சோதிக்க முடியும். போன் கைக்கு வந்ததும், அங்கேயே நின்று உங்கள் லாக் எண்ணால் அந்த மோடை அணைத்துவிட்டு, பழுதான அந்த வசதியை ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.